சேற்றுக்குள் கேட்ட ஏலேலோ

போன வருடம், 1992 இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தேம்ஸ் கரையோரத்தில் ஒரு பப்பின் மாடியறையில்தான் அந்த எண்ணம் எனக்கு முதலில் தோன்றியது. கையில் தோடம்பழச் சாறு. மடியில் கல்லூரியில் இரவல் வாங்கிய, ஒலி பதிவுசெய்யும் ரேப் ரெக்கோடர். எனக்கு முன்னால் கொஞ்ச வெள்ளைக்காரர்கள் மேசையைத் தட்டித் தட்டி 'ஷாண்டி' பாடிக்கொண்டிருந்தார்கள். பாய்க்கப்பல் காலத்தில் மாலுமிகள் பாய் ஏற்றும்போதும் நங்கூரம் தூக்கும்போதும் பாடிய வேலைப்பாட்டு அது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும்.

உடனே ரெக்கோடரின் பொத்தானை அமுக்கினேன். அட, இது எங்கள் அம்பா அல்லவா!

அம்பா என்பது இலங்கையில் எங்கள் மன்னார்க் கரையில் கரைவலை இழுப்பவர்கள் பாடுவது. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். நான் சிறுபிள்ளையாக லண்டனுக்கு வந்தவள், அதனால் கரையில் கேட்ட ஞாபகம் குறைவு. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு ஒடுங்கிய படிக்கட்டில் அப்பாவும் கூட்டாளிகளும் செற்றி என்கிற நீண்ட சோபாவை மேலே ஏற்றியபோதுதான் வடிவாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடித்தாள். செற்றி ஏறிவிட்டது.

என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணை பப் வாசலிலேயே நின்றார். கவுன்சிலில் கணக்குப் பிரிவில் வேலை. எப்போதும் கழுத்துப்பட்டியுடன்தான் இருப்பார். காரில் நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் குடிச்சிட்டுக் கத்துறான். அதைப் போய் நீ ரெக்கோட் பண்ணுறாய்."

"அண்ணை, நீங்கள் ஒரு அம்பா பாடுங்கோவன். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டலாம்."

"எனக்கு அம்பாவும் தெரியாது கும்பாவும் தெரியாது."

பொய். பதினாறு வயதுவரை அண்ணை கரைவலைக் கயிறு பிடித்தவர். ஆனால் லண்டனில் யாராவது "தம்பி ஊரிலை எவடம்?" என்று கேட்டால், "மன்னார் டவுன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். கடற்றொழில் குடும்பம் என்று தெரிந்ததும் சிலருடைய குரல் மாறுவதை அவர் பார்த்திருக்கிறார். எனக்கு அது புரிந்தும் புரியாமலும் இருந்தது.

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. நூலகமே கதி. பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்ததும் பாட்டுக்கு வேலை போனது, அது கப்பலை விட்டிறங்கி பப்புக்கும் மேடைக்கும் வந்து சேர்ந்தது, துறைமுகங்களில் பருத்திப் பொதி ஏற்றிய கறுப்பினத் தொழிலாளரின் பாட்டுகளும் அதில் கலந்திருக்கின்றன என்றெல்லாம் படித்தேன். அப்படியென்றால், லண்டன் வரை வந்த எங்கள் பக்கத்துக் கப்பலாட்களின் பாட்டும் அதே கப்பல் மேல்தட்டில் எங்கேயோ ஷாண்டியோடு முட்டியிருக்காதா? இந்தக் கேள்வியால், பப்பில் பாடிய அந்தக் குழுவின் தலைவரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரித்தெடுத்தேன். அவர் தாடி வைத்த புவியியல் ஆசிரியர். அவர்தான் ஒருநாள் சொன்னார், லீ ஆறு தேம்ஸில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், சேற்றில் ஒரு பழைய பாய்ப்படகின் எலும்புக்கூடு கிடக்கிறது, அதில் நங்கூரம் சுற்றும் இரும்பு உருளைகூட இன்னும் இருக்கிறது என்று.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு, குழுவுடன் அங்கே போனோம். அண்ணைதான் காரோட்டி. கானிங் டவுனுக்குப் பின்னால், பழைய தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே கொங்கிறீற்றுச் சரிவு ஒன்று ஆற்றுக்குள் இறங்கியது. அது கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு; அப்போது நீர் வற்றியிருந்தது. குழுவினர் மேடையில் சும்மா இழுத்துக் காட்டுகிற தடித்த கயிற்றையும் புகைப்படம் எடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தார்கள்.

"கல் இருக்கிற இடத்தைத் தாண்ட வேண்டாம்" என்று தாடிக்காரர் சொன்னது காதில் விழுந்தது. அவர் சப்பாத்துக் கயிறு கட்டி முடிப்பதற்குள் நான் இறங்கிவிட்டேன். தூரத்தில் படகின் விலா மரங்கள். நடுவில் துருப்பிடித்த அந்த உருளை. எனக்குக் கண் அதிலேதான்.

முதல் அடியில் ஒன்றுமில்லை. அடுத்த அடிகளில் சப்பாத்து கொஞ்சம் புதைந்தது. பிறகு திடீரென்று வலது கால் முழங்கால்வரை போயிற்று. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அது இன்னும் ஆழமாகப் போயிற்று. சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். திரும்பிப் பார்த்து, "அண்ணை, மாட்டிட்டன்!" என்று கத்தினேன்.

"நல்லது! அங்கயே நிண்டு ரெக்கோட் பண்ணு!" என்றார் அவர் மேலே நின்றபடி.

இழுக்க இழுக்கக் கால் வரவில்லை. சேறு பிடித்து இழுப்பதில்லை. விடுவதில்லை, அவ்வளவுதான். காலைச் சுற்றி யாரோ சீமெந்து பூசி இறுக்குவதுபோல இருந்தது. தொடை வரை போனபிறகுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

அப்போது ஒரு பிளாஸ்ரிக் போத்தலைப் பார்த்தேன். சற்றுமுன் எனக்கு முன்னால் சேற்றில் அசையாமல் கிடந்தது. இப்போது அது மெல்ல அசைந்தது. அப்புறம் மிதந்தது. அப்புறம் என்னை நோக்கி வந்தது.

வற்று முடிந்து ஆறு திரும்பிவிட்டது. அலையாக வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அது சத்தமில்லாமல், சேற்றிலிருந்த சின்னச் சின்ன வாய்க்கால்களில், நாக்கு நாக்காக வந்தது. எனக்குப் பின்னாலும் வந்துவிட்டது என்பதைக் குளிர் பட்டபோதுதான் உணர்ந்தேன்.

"அண்ணை!"

இந்த முறை அவர் பகிடி விடவில்லை. சரிவில் ஓடி வந்து சேற்றில் கால் வைத்தார். தாடிக்காரர் அவரை இடுப்பில் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு பெண் 999 அழைக்க ரெலிபோன் பெட்டியைத் தேடி ஓடினார். மற்றவர்கள் எங்கிருந்தோ பலகைகளைக் கொண்டுவந்து சேற்றின்மேல் அடுக்கினார்கள். பலகை தீர்ந்த இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு வீட்டு விறாந்தை அளவு தூரம் இருந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. தோளில் தொங்கிய ரெக்கோடரைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன். சாகப்போகிறேன் என்று தெரிந்தபிறகும் கல்லூரிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். பயம் அப்படித்தான் வேலை செய்கிறது.

அவர்கள் எறிந்த கயிற்றின் சுருக்கு இரண்டு முறை தவறி விழுந்து, பிறகு கைக்கு வந்தது. ரெக்கோடரை விட்டேன். சுருக்கை அக்குளுக்குக் கீழே போட்டேன். கரையில் எல்லோரும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். பயத்தில் அவர்கள் வாயில் வந்தது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசியாகப் பாடுகிற பாட்டு. அது பாய் ஏற்றும் பாட்டு. தலைவர் ஓர் அடி பாடும்வரை கைகள் ஓய்வெடுக்கும். பதில் வந்ததும் வெடுக்கென்று ஒரே வெட்டு இழுப்பு.

வெட்டி இழுத்தார்கள். இடுப்பு இரண்டாகப் பிளந்ததுபோல வலித்தது. ஓர் அங்குலம் மேலே வந்தேன். உடனே அடுத்த அடி. கைகள் ஓய்ந்தன. கயிறு தளர்ந்தது. நான் திரும்பவும் இறங்கினேன், முன்பிருந்ததைவிட ஆழமாக. மறுபடி வெட்டு, மறுபடி தளர்வு. தண்ணீர் விலா எலும்புக்கு வந்துவிட்டது.

எந்தப் பாட்டு எந்த வேலைக்கு என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. தாடிக்காரர் மேடையில் அதைத்தான் விளக்குவார். பாய் ஏற்றுவதற்கு வெட்டி இழுக்கும் பாட்டு, நங்கூரத்துக்கு நிற்காமல் நடக்கும் பாட்டு. அதை நானே எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அவர்கள் யாரும் பாட்டைப் பாடி ஓர் உயிரை இழுத்தவர்கள் இல்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. இங்கிலீசும் இல்லை. போய்விட்டது, முழுதாக.

தமிழில்தான் வந்தது. "அண்ணை! அம்பா! கரைவலை!"

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தக் கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கழுத்துப்பட்டியைத் தோளுக்குமேல் தூக்கி எறிந்தார். கயிற்றின் முன்னுக்கு வந்து, அதை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, கரையைப் பார்த்துத் திரும்பி, உடம்பு முழுவதையும் சாய்த்தார். எல்லோரும் தன்னைப்போலச் சாயவேண்டும் என்று கையால் காட்டினார். "டோண்ட் ஸ்ரொப்! வோக்! ஸ்லோ!" என்று கத்தினார். பிறகு வாயைத் திறந்தார்.

"சொல்லச் சொல்லக் கேட்டாளோ — ஏலேலோ!"

என் வாழ்க்கையில் நான் கேட்டிராத குரல். அப்பாவினுடையதைவிடப் பெரிது.

"சேத்துக்குள்ளை போய் நிண்டாளோ — ஏலேலோ!"

கரைவலை அம்பாவில் ஓய்வு கிடையாது. கயிறு தளர்ந்தால் வலை தொய்ந்து, அடியால் மீன் போய்விடும். அதனால் முன்னடி முடிவதற்கு முன்னமே பதில் எழும்பிவிடும். இருவர் மூச்சு வாங்கினால் இருவர் பாடுவார்கள். கால்கள் மட்டும் சின்னச் சின்ன அடியாகக் கரைப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது அடிக்குள் அந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுக்காரர்கள் அல்லவா! சொல் விளங்காமலே, தொண்டை கிழிய "ஏலேலோ" என்றார்கள்.

"படிச்ச பிள்ளை பாருங்கோ — ஏலேலோ!
பாட்டுப் பிடிக்க வந்தாளாம் — ஏலேலோ!
மூளையை வீட்டிலை வைச்சாளாம் — ஏலேலோ!"

அத்தனை பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணையின் குரல் நடுவில் உடைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். ஆனால் பாட்டு நிற்கவில்லை. கயிறு ஒரு கணமும் தளரவில்லை. நான் பின்னால் சாய்ந்து கால்களை மெல்ல மெல்லத் திருகினேன். சேற்றுக்குள் எங்கோ தண்ணீர் புகுந்தது. ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு வலது சப்பாத்து கழன்று, கால் வெளியே வந்தது. தண்ணீர் கழுத்தை நனைத்தபோது இடது காலும் வந்தது. அதன்பிறகு நான் மீன்தான். வயிற்றில் வழுக்கிக்கொண்டு கரைக்குப் போனேன்.

தீயணைப்பு வண்டி வந்தபோது நான் யாருடையதோ கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்களைப் பாராட்டவில்லை. கயிற்றால் இழுத்தால் இடுப்பு மூட்டே கழன்றிருக்கும், இனி எவரும் இப்படிச் செய்யக்கூடாது என்று ஏசினார்கள். அவர்கள் சொன்னது சரி. இதை வாசிக்கிறவர்களும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் வந்து நின்றபோது, நான் புதைந்து கிடந்த இடத்துக்கு மேலே தண்ணீர் என் உயரத்துக்கு நின்றது.

தாடிக்காரர் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள் அண்ணன் எங்கே பாடுகிறார்? எந்தக் குழுவில்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

காரில் ஹீற்றரை முழுதாகப் போட்டு, அண்ணை ஓட்டினார். பிளேஸ்டோ திருப்பத்தில்தான் கேட்டார். "உன்ர ரெக்கோடர்?"

"ஆத்துக்குள்ளை."

"நல்லதாப் போச்சு. அந்தப் பாட்டை ஆரும் கேக்கத் தேவையில்லை."

"கேக்கவேண்டிய ஆக்கள் எல்லாரும் கேட்டிட்டினம், அண்ணை."

நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை, மாதா கோவில் மண்டபத்தில் ஒருவர் வழக்கம்போல "ஊரிலை எவடம்?" என்று கேட்டபோது, அண்ணை எங்கள் கரையின் பெயரைச் சொன்னார். "கரைவலை இழுத்த ஆக்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். கேட்டவரின் குரல் மாறியதா என்று நான் கவனித்தேன். அண்ணை கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்றும் குளிக்கும் தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். ஆற்றைப் பாலத்தின் நடுவில் நின்றுதான் பார்க்கிறேன். அந்தக் கேள்விமட்டும் என்னை விடவில்லை. இரண்டு பாட்டும் முன்னொரு காலத்தில் ஒரே கப்பல் தட்டில் சந்தித்தனவா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த ஞாயிறு ஒரே கயிற்றில் சந்தித்தன என்பதற்கு நான் உயிரோடு இருப்பதுதான் சாட்சி.

அண்ணையிடம் பாடச் சொல்லித் திரும்பவும் கேட்டுவிட்டேன். "மேடையில ஏறமாட்டன். கயிறு இல்லாமல் எனக்குப் பாட்டு வராது" என்றார். அது எனக்குப் போதும். வருகிற ஈஸ்ரர் முடிந்ததும், கோவில் மண்டபத்துக்குப் பின்னால் தாடிக்காரரின் பழைய வான் வண்டியில் கயிறு கட்டி, அப்பாவின் கூட்டாளிகளையும் ஷாண்டிக் குழுவையும் கலந்து நிறுத்தி இழுக்க வைக்கப் போகிறேன். புது ரெக்கோடரை ஒரு வாங்குப் பலகையில் வைத்து அதன்பாட்டில் ஓடவிடுவேன், ஏனென்றால் இந்தமுறை என் இரண்டு கைகளும் கயிற்றில் இருக்கவேண்டும்.