கரும்பலகையில் எங்கள் கோழி

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைவிட்டுப் போன புதிது. முத்தியால்பேட்டையில் நான் இரண்டாம் வகுப்பு. எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. குழியில் கால்விட்டுத் தறி நெய்யும் அப்பா, என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நூல் சுற்ற வைப்பது என்று முடிவுகட்டிவிட்டார்.

அவர் என்னைக் கூட்டிப்போக வந்த நாள்வரை தமிழ்ப் புத்தகங்கள் வந்திருக்கவில்லை. அதனால் டீச்சர், அவரவர் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினார். அன்று நான் சொன்னேன்: "எங்க கோழி தறிக்குழியில முட்டை போட்டுச்சு. அப்பா மிதிச்சுட்டாரு."

வகுப்பே சிரித்தது. டீச்சர் அதை எழுதி, என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

வாசலில் நின்ற அப்பா, "சொன்னதையே ஒப்பிக்கிறா டீச்சரம்மா. இதெல்லாம் ஒரு படிப்பா?" என்றார்.

டீச்சர் என்னிடம், "முட்டை எங்கடி இருக்கு? தொட்டுக் காட்டு" என்றார். எக்கி அந்தச் சொல்லைத் தொட்டேன்.

"அப்பா எங்க?"

அதையும் தொட்டேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பா கிட்டே வந்து பார்த்தார். "அதான் நானா?"

"ஆமாம்ப்பா."

அவரும் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "படிக்கட்டும். அந்த மிதிச்சத மட்டும் அழிச்சுடுங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு மூன்று வருடம் படித்தேன். என் படிப்பு அவ்வளவுதான். ஆனால் இதை யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. என் கையாலேயே எழுதினேன். அந்த டீச்சர் எங்கிருந்தாலும் படித்துப் பார்க்கட்டும்.