கதவின் இரண்டு பக்கமும் கேட்ட குரல்

என் டைரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "நாடகம் நடந்தது. பேசியது யார், தெரியவில்லை." மழை வந்த நாளையும் நின்ற நாளையும் குறித்து வைக்கிற ஆள் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் நடந்தது இதுதான்.

மலையாள எல்லையோரம் சித்தூர் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலை, அதாவது படிப்பகம், அதன் ஆண்டு விழாவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாடகம் ஒன்றை நான் தமிழில் எழுதியிருந்தேன். தன்னைச் செல்லமாக வைத்திருந்த கணவனையும் அவன் வீட்டையும் விட்டு மனைவி வெளியேறிக் கதவை அறைந்து சாத்துவாள். அதோடு திரை. கணவன் நான், மனைவி என் மனைவி மரகதம். கதவுக்காக எலப்புள்ளியில் பழைய மரச்சாமான் விற்பவரிடமிருந்து ஒரு கதவை நிலையோடு வாங்கி வந்து, மேடை ஓரத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். சுவர் கிடையாது, வெறும் கதவு.

ஒத்திகையில் ஒரே தொல்லை. "நான் போறேன்" என்று முடிக்க வேண்டிய இடத்தில் மரகதம் ஒவ்வொரு தடவையும் "போயிட்டு வர்றனுங்க" என்பாள்.

"அவ திரும்பி வரமாட்டா, மரகதம்."

"அதுக்குன்னு? ஊட்டை உட்டுக் கெளம்பறப்ப வெறுமனே போறேன்னு எவளாச்சும் சொல்லுவாளுங்களா? வாய் வரமாட்டேங்குது மாமா."

அப்புறம் சிரித்துக்கொண்டே குத்துவாள்: "நாடகத்துல மட்டும் நல்லா அனுப்பி வைக்கிறீங்க."

மூணாறு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை சேர வேண்டும். நாடகம் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே நான் சம்மதம் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன்.

விழாவன்று நல்ல வெயில், சாயங்காலம்கூட ஆகவில்லை. கடைசிக் காட்சியில் மரகதம் என் கண்ணைப் பார்த்து, "நான் போறேன்" என்றாள். அவ்வளவுதான், வழக்கமான "வர்றனுங்க" வரவில்லை. கதவை அறைந்து சாத்தினாள், நான் என்னை மறந்து கதவை நோக்கி ஓரடி வைத்தேன், அது நடிப்பில்லை. அப்போது நம்பினால் நம்புங்கள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, வயதான, கொஞ்சம் கம்மிய பெண் குரல் ஒன்று நிதானமாகச் சொன்னது: "போயிட்டு வர்றேன்."

திரை விழுந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் ஓடினேன். மரகதம் தனியாக நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"யாருங்க மாமா, உங்க பக்கத்துல நின்னு பேசுனது?"

என் பக்கத்தில் யாருமில்லை, அவள் பக்கத்திலும் யாருமில்லை. நடுவில் அந்தக் கதவுதான். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம்.

அன்றைக்கே, "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். போனாள். லீவு கிடைத்தால் தேயிலைப் பொட்டலத்தோடு வருகிறாள். பஸ் ஏறும்போது மறக்காமல் "போயிட்டு வர்றனுங்க மாமா" என்கிறாள், அப்புறமும் நான் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கி நிற்கிறேன், இன்னொரு குரல் வருமோ என்று.

கதவை விற்றவரிடம் பிறகு விசாரித்தேன். அது இருந்த வீட்டிலிருந்து முன்னொரு காலத்தில் ஒரு பெண் கிளம்பிப் போனதாகக் கேள்வி என்றார். அவள் திரும்பி வந்தாளா என்பது அவருக்குத் தெரியாது. நானும் இன்றுவரை போய் விசாரித்து உறுதி செய்துகொள்ளவில்லை.