விளக்கு அணைந்த படமும் என் மகள் எஸ்தரும்

என் மகள் எஸ்தருக்கு நினைவு தப்பினது எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் ஊரை விட்டுக் கலைஞ்ச சமயம். டைஃபாய்டுன்னு சொன்னாங்க. ஒன்பது வயசுப் பிள்ளை. ஆஸ்பத்திரிக் கட்டில்ல வாடின கீரைத்தண்டு மாதிரி கிடந்தா. "மருந்து குடுத்திருக்கோம். காய்ச்சல் இறங்கணும், பார்க்கலாம்"னு டாக்டர் சொல்லிட்டுப் போனார். ரயிலடியில ஜட்கா ஓட்டுற என் வீட்டுக்காரர் வராண்டாவில உக்காந்தவர் எழுந்திருக்கவே இல்ல. எனக்கு அழுகைகூட வரல.

அப்பத்தான் எங்க சபை மூப்பர் வந்தார். பேரு ஆசீர்வாதம். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் கிடையாது.

அவரைப் பத்திச் சொல்லணும். சபைச் சுவத்துல கண்ணாடி போட்ட பழைய படம் ஒண்ணு இருந்தது. செம்புத் தகட்டுல செதுக்கி அச்செடுத்தது. யவீருங்கிறவரோட செத்துப்போன மகளை இயேசு கையைப் பிடிச்சு எழுப்புற காட்சி. ஆராதனை முடிஞ்சா போதும், ஐயா குடை நுனியால அதைக் குத்திக் குத்தி அர்த்தம் சொல்லுவார். தூண்னா சபையாம். திரைச்சீலைன்னா மாம்சமாம். வாசப்படியில படுத்திருக்கிற நாய் புறஜாதியாராம், அதாவது அந்நிய ஜனங்களாம். நாய்கிட்ட வரும்போது மட்டும் தவறாம எங்க பக்கம் திரும்புவார். நாங்க அடி அண்ணாமலையில பயிர் வெச்ச குடும்பம், கல்யாணத்துக்கு அப்புறம் கர்த்தர்கிட்ட வந்தவங்க. படத்துல இருக்கிற நாய்வரைக்கும் அவருக்கு அத்துப்படி. இயேசுவோட முகத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல.

அந்த மனுஷன் என் பிள்ளை கால்மாட்டுல நின்னுக்கிட்டு, "கமலா, அந்தப் படத்துல கட்டில் பக்கம் விளக்கு அணைஞ்சிருக்கே, கவனிச்சியா? அது ஒரு அடையாளம். மனசைத் தேத்திக்க"ன்னார்.

"அந்தப் பொண்ணு எழுந்திருக்குதே ஐயா?"

"அது ஆத்துமாவைக் குறிக்குதும்மா. உனக்குப் புரியாது. பிள்ளைக்கு வெள்ளை கவுன் இருக்கா? இல்லன்னா தைக்கச் சொல்லணும்."

பிள்ளைக்கு மூச்சு ஓடிக்கிட்டிருக்கு. இவர் பெட்டிக்குள்ள போடுற துணிக்கு ஏற்பாடு பண்றார்.

"ஐயா, யவீரு வீட்டுல இயேசு முதல்ல என்ன பண்ணார்? ஒப்பாரி வெச்ச கூட்டத்தை வெளிய அனுப்பினார். நீங்களும் கிளம்புங்க"ன்னேன். முகம் சுண்டிப்போய்க் குடையை எடுத்துக்கிட்டுப் போனார்.

அப்புறம் கட்டில் சட்டத்துல தலையை வெச்சுக்கிட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, எனக்கு அடையாளம் எதுவும் வேணாம். என் பிள்ளை வேணும்." அவ்வளவுதான். கண்ணீர் அப்பத்தான் வந்தது. விடாம அதையே கேட்டேன்.

மறுநாள் சாயந்தரம் அவ உடம்பு வேர்த்தது. காய்ச்சல் இறங்கிச்சு. கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது"ன்னா. என் வீட்டுக்காரர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். மருந்தைக் குடுத்தது டாக்டர். மகளைக் குடுத்தது என் கர்த்தர்.

அவ எழுந்து நடமாடின பிறகு சபைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஐயா வெக்கமே இல்லாம, அணைஞ்ச விளக்குன்னா சோதனைக் காலம்னு புதுசா ஒரு அர்த்தம் சொல்லிக்கிட்டிருந்தார். நான் படத்துக்கிட்ட போனேன். மூலையில ஒருத்தி கிண்ணத்தோட வர்றா.

"இது என்ன அடையாளம் ஐயா?"

கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பார்த்தார். "இது... ஏதோ பாத்திரம்."

"சாப்பாடு ஐயா. எழுந்த பிள்ளைக்குச் சாப்பிடக் குடுங்கன்னு ஆண்டவர் சொன்னாரே."

சபையில யாரோ சிரிச்சாங்க. ஐயா அன்னிக்கு அதுக்கு மேல அர்த்தம் சொல்லல.

எஸ்தர் இப்போ டைப்ரைட்டிங் கத்துக்கிட்டு என்னையே அதட்டுறா. நோயாளிங்க இருக்கிற வீட்டுக்கு நானும் ஜெபம் பண்ணப் போறேன். முன்னெல்லாம் நாலு பேர் முன்னாடி வாயே திறக்க மாட்டேன்.

சகோதரிகளே, உங்க பிள்ளை கிடக்கிற கட்டில்கிட்ட அர்த்தம் சொல்ல வர்றவங்களுக்கு நாற்காலி போடாதீங்க. கர்த்தர்கிட்ட நேரா கேளுங்க. எனக்குப் பேசத் தெரியாதேன்னு தயங்காதீங்க. ஜட்காக்காரன் பொண்டாட்டி பேச்சே அவருக்குப் புரிஞ்சது.