மறு வாசலுக்கு நடந்தவர்

எங்கள் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்க்க அன்று காலை ஓர் ஆங்கிலேயர் வந்திருந்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் இருந்தவர். சொந்தக் கட்சிக்கு எதிராகவே அடிக்கடி வாக்களித்து, கடைசியில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். நல்ல உயரம். வெயிலில் சிவந்த கழுத்து. பேசும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு இயக்குநர்கள் கூட்டம். சங்க விதியை மீறித் தனியார் கடைக்குப் புடவை நெய்த ஓர் உறுப்பினரை நீக்கப் போகிறோம். சங்கம் நான்கு மாதமாகத் தறிக்குப் பாவு நூல் தராததால்தான் அவர் நெய்தார் என்பது என்னையும் சேர்த்து ஒன்பது இயக்குநர்களுக்கும் தெரியும்.

“எப்படி வாக்களிப்பீர்கள்?” என்று ஆங்கிலேயர் கேட்டார். கை தூக்குவோம் என்றேன்.

“எங்கள் நாடாளுமன்றத்தில் ஆதரிப்பவர்களுக்கு ஒரு வாசல், எதிர்ப்பவர்களுக்கு ஒரு வாசல். நண்பர்கள் எல்லாரும் ஒரு வாசலுக்குப் போவார்கள். நான் மறு வாசலுக்கு நடப்பேன்.”

“பயமாக இருக்காதா?”

“ஒவ்வொரு முறையும்” என்று கடிகாரத்தை மறுபடி கழற்றினார்.

உள்ளேயிருந்து சங்கத் தலைவர் கூப்பிட்டார். “இன்னாபா, தொரைகிட்டயே பேசிக்கினு இருக்க? வந்து கையத் தூக்கு. நான் கல்யாண சாப்பாட்டுக்குப் போவணும்.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். நீக்குவதற்கு ஆதரவாக எட்டுக் கைகள் உயர்ந்தன. என் கை மேசைமேலேயே இருந்தது.

“கை வலியாபா?” என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்லண்ணா. எனக்கு இதுல சம்மதம் இல்ல.”

சிரிப்பு நின்றது. ஆனாலும் அந்த உறுப்பினர் நீக்கப்பட்டார்.

வெளியே வந்தபோது ஆங்கிலேயர் போய்விட்டிருந்தார். நாளைக்கும் நான் இதே எட்டுப் பேரோடுதான் டீ குடிக்க வேண்டும். அப்படி மறு வாசலுக்கு நடந்த மறுநாள் காலையில் அவர் தன் கட்சிக்காரர்களிடம் முதல் பேச்சை எப்படித் தொடங்குவார் என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.