செராயில் மச்சான் தோண்டிய குழி

என் அக்கா கமலாத்தாளின் புருஷன் பொங்கியண்ணனைப் போல ஒரு அருவருப்புக்காரரை நான் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டுச் சொம்பைத் தொடமாட்டார். கல்யாணப் பந்தியில் இலையை இரண்டு தரம் கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பார். தம் ஊர் எருத்தேன்பதியை விட்டு எங்கே போனாலும் தம் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைத் தூக்கில் கொண்டுபோவார். அந்தக் கிணற்றின் மேல் அவ்வளவு கர்வம். கோடையில் ஊற்று இறங்கினால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்வார், இன்னும் ஆழமாக வெட்டுவார். தண்ணீருக்கு வேறு வழி உண்டென்று அவர் நினைத்ததே இல்லை.

அக்கா கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுபத்தாறாம் வருஷம் நிலக்கடலை பறித்து முடிந்ததும் ஊரார் சேர்ந்து ஒரு வேன் பேசினார்கள். விடியும் முன்னே கிளம்பி, படகில் காயலைத் தாண்டி, செராய்க் கடற்கரையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவதாக ஏற்பாடு.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே நீளமாக ஒரு மணல் தீவு. படகை விட்டு இறங்கும்போதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்காக ஊறப் போட்டிருந்தார்கள். அது அழுகிய நாற்றம். போதாததற்கு மணலில் காயும் மீன்மேல் ஈ மொய்த்தது. “த்தூ, மனுசன் வர்ற எடமா இது!” என்று மச்சான் துண்டை எடுத்து மூக்கைக் கட்டினார். அந்த அவசரத்தில் தூக்கு அவர் கையை விட்டு நழுவி, தண்ணீர் முழுக்க மணலுக்குப் போய்விட்டது.

வேனில் வழி நெடுக வாந்தி எடுத்த அக்கா, வெயில் தாங்காமல் ஒரு தென்னை மரத்தடியில் சாய்ந்துவிட்டாள். கடல் எதிரிலேயே இரைந்தது. தலையைத் தூக்கிப் பார்க்க அவளால் முடியவில்லை. “தண்ணி” என்று மட்டும் முனகினாள்.

பக்கத்துக் குடிசையில் மீன் அரிந்துகொண்டிருந்த கத்தரீனாள் என்ற பெண் பானையோடு ஓடி வந்தாள். மச்சான் மறித்தார். “கையில செதில் ஒட்டியிருக்குது பாரு. சீ! ஊத்து எங்கீங்க? நானே மோந்துக்கறேன்.”

அவள் குடிசைக்குப் பின்னால் காட்டினாள். ஓலை மூடிய ஒரு முழக் குழி. அடியில் கொஞ்சம் தண்ணீர். “இது ஊத்தா? மாட்டுக் குளம்படித் தண்ணி. இன்னும் ரெண்டு முழம் எறக்குனாப் பொங்கிட்டு வரும்” என்று அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்தார்.

“அய்யோ, குழிக்கல்லே! அடியில் உப்பாணு!” என்று அவள் கத்தினாள். எங்கள் பக்கம் மலையாள நாட்டு எல்லையில் இருப்பதால் எங்களுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். “மச்சான், அந்தம்மா தோண்ட வேண்டாங்குதுங்க” என்று நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். “பொம்பளைக்கு என்னடா தெரியும் ஊத்தப் பத்தி?”

அவர் சொன்னபடி தண்ணீர் பொங்கித்தான் வந்தது. அள்ளி வாயில் வைத்தவர் துப்பினார். கடலுப்பு. மேலே மெல்லிசாக நின்ற நல்ல தண்ணீரும் அதோடு கலந்துபோனது. மழை வரும்வரை இந்தக் குழி உதவாது என்று கத்தரீனாள் தலையில் அடித்துக்கொண்டாள். “நாறுன ஊருல தண்ணி மட்டும் நல்லாவா இருக்கும்?” என்று மச்சான் மண்வெட்டியை வீசிவிட்டுக் கால் கழுவப் போனார். மட்டை நாற்றம்கூட எனக்குப் பழகிவிட்டது. இந்த மனுஷனைத்தான் சகிக்க முடியவில்லை.

கத்தரீனாள் பிறகு பானையை எடுத்து வந்து, அக்காவின் தலையை மடியில் வைத்து, தண்ணீர் தீரும்வரை புகட்டினாள்.

திரும்பும் படகில் மச்சான் அக்காவிடம் சொன்னார். “அந்தப் பானைத் தண்ணியக் குடிச்சிருக்கற. வாசல்லயே தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா.”

நாலு பேர் முன்னால் அவரை எதிர்த்துப் பேசியறியாதவள் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அவுங்க ஊட்டுல மிச்சமிருந்த நல்ல தண்ணி அவ்வளவுதானுங்க. அதையும் எனக்கு ஊத்திட்டாங்க. குழியக் கெடுத்தது நீங்க. மொதல்ல நீங்க தலைக்கு ஊத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள போங்க.”