மந்திரவாதியின் சீடனுக்குப் பரிந்தவர்

எண்பதுகளில், தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்துப் பழக்கம். ஏதோ ஒரு தொழிற்சாலையில் இளம் சூப்பர்வைசர். ஒல்லியான உடம்பு, சிவந்த கண்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். நான் வாங்கும் வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடரை எட்டி எட்டிப் படிப்பார்.

அந்தக் கதையில் மந்திரவாதி எடுத்து வளர்த்த சீடன் ஒருவன், தன்னோடு விளையாடி வளர்ந்த இளவரசனையே கொல்லக் கிளம்பியிருந்தான்.

“இவனை முதல்ல தீர்த்துக்கட்டணும்” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணா. சோறு போட்டவன் ஒரு பக்கம், சிநேகிதன் ஒரு பக்கம். அவன் எங்க போவான்?”

“அப்ப திருந்தட்டும்.”

“அதுக்குள்ள வேணாம். தடுமாறுறப்பத்தான் அவன் நம்ம ஆளு மாதிரி இருக்கான்.”

அந்த மாதமே அவருடைய தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. கேட் எதிரே பஸ் நின்றபோது, வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்கள்.

“டேய், உள்ள போகாதடா, இப்படி வா” என்று ஒருவர் கூப்பிட்டார். உள்ளேயிருந்து மேனேஜரும் கையசைத்தார். இறங்கியவர் தலைகுனிந்தபடி கேட் வரைக்கும் நடந்தார். அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

அதன்பின் அவர் அந்த பஸ்ஸில் வரவில்லை. உள்ளே போனாரா, உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்தாரா என்று யாரிடமாவது விசாரித்திருக்கலாம். நான் விசாரிக்கவே இல்லை. எந்தப் பதிலைக் கேட்டாலும் அவர்மேல் எனக்கு ஒரு மனக்குறை வந்துவிடுமோ என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது.