சாமி அறைக்குள் இருந்த லேப்டாப்

அப்பா தவறிய அன்று காலையில் வீட்டில் முதலில் நடந்த காரியம் சாமி அறையைச் சாத்தியதுதான். என் மனைவி விளக்கைக் குளிர வைத்துவிட்டுக் கதவை இழுத்துத் தாழ் போட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தீட்டுக் கழிகிற வரைக்கும் வீட்டு ஆட்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. என் லேப்டாப் உள்ளேதான் இருக்கிறது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

லேப்டாப்புக்குச் சாமி அறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பத்தாவது வரை படித்தவன். சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு மாதக் காலண்டர் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். காலண்டரில் திதியும் நட்சத்திரமும் போடுவதற்காக இணையத்தில் கிடைத்த ஒரு பஞ்சாங்க மென்பொருளை எடுத்துப் புழங்க ஆரம்பித்தேன். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். அதை எழுதியவர் பெங்களூரில் வேலை பார்த்த ஒரு தம்பி. பிழை கண்ட இடத்திலெல்லாம் எழுதிப் போட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் கை பழகியது. ஒரு நாள் "அண்ணா, எனக்கு இனிமேல் நேரம் இருக்காது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சாவி என்று நான் சொல்வது ஒரு அதிகாரத்தை. திருத்தம் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். அதைச் சரிபார்த்து உள்ளே சேர்ப்பது சாவி வைத்திருப்பவரால் மட்டும்தான் முடியும். அந்தச் சாவி என் லேப்டாப்பில் இருந்தது. திதி என்பது சாமி காரியம் என்று நினைப்பவன் நான். அதனால் குளித்துத் திருநீறு பூசாமல் அந்த வேலையைத் தொட மாட்டேன். முடிந்ததும் லேப்டாப்பைச் சாமி அறையின் கீழ்ப்பலகையில் வைத்துவிடுவேன். மூடியில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து கிடக்கிறது.

ஆரம்பத்தில் அந்த வேலை எனக்கு எவ்வளவோ சந்தோஷம் கொடுத்தது. முகம் தெரியாத ஒருவர், பெயர் சொன்னாலும் எனக்குத் திசை தெரியாத ஒரு நாட்டில், நான் சரிபார்த்த நேரத்தைப் பார்த்துப் பிரதோஷ விரதம் இருக்கிறார் என்று நினைத்தால் தீபாராதனை கண்ட மாதிரி இருக்கும். பிறகு பலரும் இதை வைத்துச் செல்போன் செயலிகள் செய்தார்கள். அந்தச் செயலிகளில் வருகிற குறையெல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நின்றது. ஏகாதசி தப்பு, ராகுகாலம் தப்பு, ஏன் இன்னும் சரி செய்யவில்லை, நீ என்ன தூங்குகிறாயா. முதலில் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போகப் போகத் திட்டு வந்தாலும் வலிக்கவில்லை, நன்றி வந்தாலும் இனிக்கவில்லை. வேலை மட்டும் நடந்தது.

அப்பாவை எடுக்கும் முன்னால் சித்தப்பா கேட்டார், "ஏலே, ஊரு ஒலகத்துக்கெல்லாம் திதி சொல்லுதியே, ஒங்கப்பாவுக்கு என்ன திதி? குறிச்சு வைக்கணும்லா."

எனக்குத் திதி நினைவுக்கு வரவில்லை. முந்தின நாள் வரை விரல் நுனியில் இருந்தது. அப்பாவும் தினமும் காலையில் என்னிடம் திதி கேட்பார், நான் சொன்னதைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் போய்ச் சரிபார்ப்பார், என்னை முழுசாக நம்பியதே கிடையாது. அந்த நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழிக்க அன்று ஆள் இல்லை. கடைசியில் ஐயர்தான் தன் பஞ்சாங்கத்தைப் புரட்டித் தேய்பிறை நவமி என்றார். நான் தலையாட்டினேன்.

சுடுகாட்டில் காடாற்று முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கைபேசியில் மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. விஷயம் இதுதான். சில வெளிநாடுகளில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். கடைசியாகச் சேர்ந்த ஒரு மாற்றத்தில் அந்த ஒரு மணி நேரம் விட்டுப்போயிருந்தது. மற்ற நாளென்றால் பெரிதாகத் தெரிந்திருக்காது. அந்த வருஷம் ஆடி அமாவாசை அந்த ஊர்களில் நாள் மாறுகிற விளிம்பில் விழுந்துவிட்டது. மென்பொருள் ஒரு நாளைக் காட்டியது, அங்குள்ள கோயில்கள் வேறு நாளைச் சொல்லின. அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் காத்திருக்கிறவர்களுக்கு எந்த நாள் என்று தெரியவில்லை. ஒரு பெண் எழுதியிருந்தார்: என் தகப்பனாருக்கு நான் கொடுக்கும் முதல் ஆடி அமாவாசை, எனக்குச் சொல்வதற்கு இங்கே யாரும் இல்லை, தயவுசெய்து நாளை உறுதியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் துக்கம், பதினாறு கழிந்து பார்க்கிறேன் என்று பொதுவாக ஒரு பதில் போட்டேன். அதற்குக் கீழே ஒருவர், "ஆழ்ந்த இரங்கல்கள். எப்போது சரியாகும்?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். அதைப் பலமுறை படித்தேன். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

திருத்தம்கூடத் தயாராக இருந்தது. எப்போதும் பறவைப் படத்தை முகமாக வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதுகிற ஒருவர் உடனே எழுதி அனுப்பிவிட்டார். நம் மென்பொருளுக்குள் ஈஸ்டர் முதலான கிறிஸ்தவப் பண்டிகை நாட்களைக் கணக்கிடும் பகுதியைச் சேர்த்தவர் அவர்தான். எதற்கும் என்னோடு வாதாடுவார். அமெரிக்காக்காரர் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய திருத்தத்தை உள்ளே சேர்க்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சாவியைக் கைபேசியில் போட்டதில்லை, அதற்கு லேப்டாப் வேண்டும். லேப்டாப் சாமி அறையில்.

"கம்ப்யூட்டருக்கு என்னலே தீட்டு? கதவத் தொறந்து எடுத்து அமுக்கிட்டுப் போவியா" என்றார் சித்தப்பா.

"அது திதி காரியம் சித்தப்பா."

"அப்பம் கரண்டு பில்லும் கெட்டாத. ஃபேன் காத்துலயும் தீட்டு இருக்கும்."

நான் எழுந்திருக்கவில்லை. அந்த மாதிரி எழுந்து போய்த் தாழைத் திறக்க எனக்கு மனசும் இல்லை, உடம்பும் இல்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கடிதம் மட்டும் வந்து வந்து போனது.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கைபேசி அடித்தது.

"அண்ணாச்சி, வீட்டுல துட்டின்னு போட்டிருந்தீய. அந்த ஈஸ்டர் எழுதுனது நாந்தான். பறவப் படம் போட்டவன். மென்பொருள் பக்கத்துல ஒங்க கடை நம்பர் இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

"நீங்க அமெரிக்கால்லா?"

"அமெரிக்காவா? நான் சிவகிரி அண்ணாச்சி. பலசரக்குக் கடை."

எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் நாங்கள் இங்கிலீஷில் சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. அவருக்கும் வராது என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் துட்டி கேட்க வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தார். அப்பாவுக்கு என்ன வயது, என்ன செய்தது என்று கேட்டார். மற்றவர்களைப் போல ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு அமாவாசை அண்ணாச்சி. அந்த ஊருக்காரங்க தவிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப் எங்கே இருக்கிறது என்பதையும்.

அவர் மூடிய கதவைப் பார்த்தார். "எங்களுக்குத் தீட்டு கெடையாது. நீங்க சம்மதிச்சா நான் எடுத்து வாரேன். நீங்க தொடவே வேண்டாம்."

சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார். "ஏலே, வேதக்காரர் கையிலயா சாமி காரியத்தக் குடுக்கப் போற?"

கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர் கோபப்படவில்லை. "ஈஸ்டருக்கும் நாங்க பௌர்ணமி பாத்துத்தான் நாள் வைக்கோம் பெரியவரே."

"மெய்தானா?"

"நெசமாத்தான்."

சித்தப்பா யோசித்தார். "அப்பம் அமாவாச ஒமக்கும் தெரியும்."

"தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சரி என்றும் படவில்லை, தப்பு என்றும் படவில்லை. மனசுக்குள் அம்மனை நினைத்துப் பார்த்தேன். அப்போது என் மனைவி எழுந்து, "அண்ணே, குழாயடியில கால் கையக் கழுவிட்டுப் போங்க. கீழ்ப்பலகையில இருக்கும்" என்றாள்.

அவர் கால் கழுவி, தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தாழை நீக்கி உள்ளே போனார். இருட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொள்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். எந்தச் சாமியிடம் என்று நான் கேட்கவில்லை. லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிவந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

நகர்ந்து போய்க் காதில் சொன்னேன்.

"அம்மன் பேரா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, சங்கரன்கோவிலுல ஒரு ஆளு வேற என்ன பாஸ்வேர்டு வப்பான்? திருடன் மொதல்ல இதத்தான் அடிச்சுப் பாப்பான்."

சித்தப்பா சத்தமாகச் சிரித்துவிட்டு, துட்டி வீடு என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். என் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணை நான் படித்தேன், அவர் தட்டினார். திருத்தத்தை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார். எனக்குப் பாதிதான் மண்டையில் ஏறியது. அதையும் சொன்னேன். "சரி, இன்னொரு மட்டம் படிக்கேன்" என்று மறுபடி படித்தார். மூன்றாவது முறை எனக்குப் புரிந்தது. "சேத்துருங்க" என்றேன். அழுத்தினார். என் அனுமதியோடு தனக்கும் ஒரு சாவி போட்டுக்கொண்டார், பதினாறு வரை வருகிற குறைகளைப் பார்ப்பதற்கு. பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார். பிறகு லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைத் தாழ் போட்டார்.

போகும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அமாவாசைக்கு மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், நாள் சரியாக இருந்தது, கோயிலில் கேட்டும் உறுதி செய்தேன். என் மனைவி அதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சரி, ஒரு வேலை முடிந்தது என்று மட்டும் இருந்தது.

பதினாறு கழிந்து, வீடு கழுவி, சாமி அறையைத் திறந்து விளக்கேற்றினோம். குளித்துவிட்டு லேப்டாப்பை எடுத்து வைத்தேன். முதலில் அப்பாவின் நாளைப் போட்டுப் பார்த்தேன். தேய்பிறை நவமி. ஐயர் சொன்னதுதான். சுவர் நாள்காட்டியில் போய்ச் சரிபார்க்கலாமா என்று கால் ஒரு அடி வைத்தது, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சிவகிரிக்காரரைக் கூப்பிட்டேன்.

"சாவியத் திருப்பித் தரட்டுமா அண்ணாச்சி?"

"வேண்டாம். உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்."

"எங்க வீட்டுல துட்டின்னா என் பகுதிய நீங்க பாத்துக்கிடுவீயளா?"

"ஒங்களுக்குத்தான் தீட்டு கெடையாதே."

"துக்கம் உண்டும்லா."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான், ஈஸ்டர் நாளை எப்படிக் கணக்கிடுகிறார் என்பதை நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் படித்ததில்லை என்று தோன்றியது. அவர் அனுப்புவார், நான் சண்டை போடுவேன், கடைசியில் சேர்த்துவிடுவேன். அந்தப் பகுதியைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.